சொல்லிக்கொடுக்காமல் கூட்டி வா

அரவிந்த்,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. “பிஸிப்பா” என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. பிஸியாகத்தான் இருப்பாய். நீங்கள் மெல்பர்னுக்குக் குடிமாற இன்னும் இரண்டு வாரம்தான், அட்டைப்பெட்டிகள் கராஜ் முழுக்க நிற்கின்றன என்று மருமகள் துளசி சொன்னாள். ஆனால் நீ எடுக்காததற்குப் பெட்டிகள் காரணமில்லை. நேரில் வந்தால் நீயும் நானும் கத்துவோம், நடுவில் உன் அம்மா அழுவாள், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதே மறந்துபோய் யார் முதலில் கத்தினது என்பதுதான் மிஞ்சும். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவது உன்னைத் தண்டிக்க இல்லை. இங்கிலீஷில் என்னால் இவ்வளவு கோபப்பட முடியாது, இவ்வளவு அன்பாகவும் இருக்க முடியாது. நீ தமிழ் மெதுவாகத்தான் படிப்பாய். மெதுவாகவே படி. இதில் நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்குக்கு வரும் சில குடும்பங்களின் கதை வருகிறது. அவர்களைக் கேட்டுவிட்டு, பெயர்களை மாற்றி எழுதியிருக்கிறேன். மற்ற பெற்றோர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. ஆனால் தாரா உன் மகள். நீ சரி என்று சொன்னால்தான் இது உன் கையை விட்டு வெளியே போகும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரி நினைவு வைத்திருப்பாய். நம் வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தோம். வேலி மேல் வெள்ளைக் காக்கட்டூ கிளி ஒன்று வந்து உட்கார்ந்து, வழக்கம் போல ஊரைக் கூட்டியது. போன வருடம், ஒன்றரை வயதில், இதே பறவையைக் காட்டி தாரா “காக்கா” என்றாள். வெள்ளைக் காக்கா என்று நாமெல்லாம் சிரித்து, நீ அதை வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்பினாய். இந்த ஞாயிறு அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். அவள் பொம்மை காரைத் தலைகீழாக வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஃபிரிட்ஜ் கதவு வரை. என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத் திறக்கிற ஒரு சாவியை எடுத்துப்போவது போல என் கையை எடுத்துப்போனாள்.

“என்னடா, பேர் சொன்னா திரும்பமாட்டேங்குறா?” என்று கேட்டேன்.

“விளையாட்டுல இருக்காப்பா.”

“காக்கான்னு சொல்லிட்டிருந்தாளே. இப்ப சொல்றாளா?”

“அப்பா, கிளினிக்ல நர்ஸா இருங்க. இங்க தாத்தாவா இருங்க. ப்ளீஸ்.”

“தாத்தாவாத்தான்டா கேக்குறேன்.”

“அவ பாஸ் பண்ணிட்டா. போன வாரம் சளிக்குப் போனப்ப எங்க ஜிபி டாக்டர் கிளினிக்லயே குழந்தை வளர்ச்சி பத்தின கேள்விகளுக்குப் போனுக்கு லிங்க் அனுப்பினாங்க. எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டுட்டேன். ஃபுல் மார்க். போதுமா?”

நான் அப்போது சிரித்தேன். அதுதான் உனக்கு ஆத்திரம். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அரவிந்த். அந்த “ஃபுல் மார்க்” என்ற வார்த்தையை என் கிளினிக்கில் இத்தனை முறை கேட்டிருக்கிறேன், அது என் சொந்த வீட்டுப் பின்பக்கத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டதே என்று வந்த சிரிப்பு அது. “மெல்பர்ன் போய்ப் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனபோது துளசி தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே போகாதபடி சொன்னாள்: “மாமா, பெயர் கூப்பிட்டாத் திரும்புறவளோ எண்ட கேள்விக்கு நான் இல்லை எண்டுதான் போடச் சொன்னனான். அவர் ஓம் எண்டு போட்டவர். வீட்டில விளையாடேக்க திரும்புறவள்தானே எண்டு சொன்னார்.” பிறகு என் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு, “பதில் போட முதல், ஒரு நாள் முழுக்க அவளுக்குச் சிவப்புக் கட்டை அடுக்கப் பழக்கினவர், மாமா. பாக்கப் பாவமா இருந்தது. ரெண்டு பேரையும்தான்” என்றாள்.

அவளோடு சண்டை போடாதே. அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உனக்காகப் பயப்படுகிறாள்.

உன் அப்பா நர்ஸ் என்பதை நம் ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியும். நீங்கள் இருக்கும் கெல்லிவில் பக்கத்துப் பிறந்தநாள் விழாக்களில் யாராவது “என்ன பண்றீங்க சார்?” என்பார்கள். நர்ஸ் என்பேன். “ஓ, நர்ஸிங் மேனேஜரா?” என்பார்கள். “இல்லைங்க, ஊசி போடுற நர்ஸ்” என்பேன். அதற்குப் பிறகு பேச்சு வீட்டுக் கடன் வட்டிக்குப் போய்விடும். வெஸ்ட்மீட்டில் பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு செவன் ஹில்ஸில் ஒரு சின்ன குடும்ப டாக்டர் (ஜிபி) கிளினிக்கில் சேர்ந்தபோது நீயே கேட்டாய், “இது டிமோஷன் இல்லையாப்பா?” என்று. இல்லை. ஆஸ்பத்திரிக்கு நோய் முற்றிய பிறகு வருகிறார்கள். இங்கே முற்றுவதற்கு முன்னால் வருகிறார்கள். வந்தால்.

வந்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசிக்கு எல்லோரும் வருவார்கள், ஏனென்றால் ஊசி போடாவிட்டால் குழந்தைக் காப்பகத்துக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை நின்றுவிடும். பதினெட்டு மாத ஊசி முடிந்தால் பிறகு நாலு வயதில்தான் அடுத்தது. நடுவில் இருக்கிற காலத்தில்தான் குழந்தை பேசத் தொடங்குகிறது, கை காட்டுகிறது, நம்மைப் பார்த்து நடிக்கிறது, பொய் அழுகை அழுகிறது. அதே காலத்தில்தான் ஏதாவது தவறினால் வெளியே தெரிகிறது. அந்தக் காலத்தில் குழந்தையை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. குழந்தை நல நர்ஸ்கள் இருக்கிறார்கள், குழந்தை பிறந்ததும் கொடுக்கும் நீலப் புத்தகத்தில் எந்த வயதில் எந்தப் பரிசோதனை என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருக்கும் குழந்தை நல மையம் இரண்டு பஸ் தள்ளி இருக்கிறது, வேலை நாளில்தான் திறந்திருக்கிறது. கிடங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நன்றாக ஓடியாடும் பிள்ளையை எதற்குக் கூட்டிக்கொண்டு போவான்? போகாதவனைப் பற்றி அதிகாரிகள் கூட்டத்தில் “விழிப்புணர்வு குறைவு” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விழிப்புணர்வு இருக்கிறது, பஸ்தான் இல்லை.

அதனால் எங்கள் டாக்டரம்மா ஒரு காரியம் செய்தார். மையத்தில் இருக்கும் ஹெலன் என்ற குழந்தை நல நர்ஸை வியாழக்கிழமைகளில் எங்கள் கிளினிக்குக்கே வரவைத்தார். மருந்துப் பெட்டிகள் போட்டு வைத்திருந்த பின்னறையைக் காலி செய்தோம். யார் எதற்கு வந்தாலும் சரி, அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்தாலும் சரி, கூட ஒரு சின்னக் குழந்தை இருந்தால் காத்திருக்கும் நேரத்தில் டேப்லெட்டில் சில கேள்விகள் கொடுப்போம். பதிலைப் பார்த்து, தேவையென்றால் அதே காலையில் ஹெலன் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்ப்பார். அவ்வளவுதான் திட்டம். ஒருவரிடம் வந்த குழந்தையை இன்னொருவரும் அதே கூரைக்குக் கீழே பார்ப்பது. இதற்குப் போய் எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

முதல் சில வாரங்கள் அமோகம். நம் குழந்தைகள் எல்லோரும் மேதைகள். எல்லாக் கேள்விக்கும் ஆம். ஹெலன் என்னிடம் ஆச்சரியப்பட்டுச் சொன்னார்: “உங்கள் சமூகத்துக் குழந்தைகள் கட்டை அடுக்குவதில் அபாரம். இப்படி நான் பார்த்ததே இல்லை.” எனக்குப் பெருமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு ஒரு வியாழக்கிழமை ஒரு குட்டிப் பையன் அறைக்குள் வந்தான். ஹெலன் பையைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான், கட்டையைக் கொடு என்பது போல. அடுக்கினான். அடுக்கி முடித்துத் தானே கைதட்டினான். அவன் அம்மா வாசலில் நின்று கண்ணாலேயே “இப்ப பந்து” என்று சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டே, தமிழ்ப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் என்னவோ வந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டினாள். எங்கள் கேள்விகள். முழுவதும், படம் பிடித்து. கீழே ஒரு ஆன்ட்டி விளக்கமும் எழுதியிருந்தார்: கட்டை ஆறு அடுக்கணும், வீட்டில் மரக்கட்டையில் பழக்கவும், அங்கே இருப்பது சிவப்பு நிறம். இன்னொருவர் கேட்டிருந்தார்: “போன பேட்ச்சுக்கு இதே கேள்விதானா?” அரவிந்த், நாம் கேள்வித்தாளை லீக் செய்துவிட்டோம். மார்க்கே இல்லாத பரீட்சைக்கு.

நான் சிரித்தேன், ஆனால் யாரையும் திட்டத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தப் பெற்றோர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவர்கள் தங்கள் பிள்ளைக்காக உழைக்கிறார்கள். பிள்ளை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால், அது பரீட்சை. பரீட்சை என்றால் தயார் செய்ய வேண்டும். நமக்கு வேறு எதுவுமே யாரும் சொல்லித்தரவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து, நுழைவுத்தேர்வு வைத்து எடுக்கும் செலக்டிவ் பள்ளிக்குக் கோச்சிங், சனிக்கிழமை காலை ஒரு சென்டர், மாலை இன்னொரு சென்டர். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் செய்யுள் ஒப்பிக்கும் போட்டி, முதல் பரிசு, குரூப் போட்டோ. பேசாத குழந்தைக்கு அந்த மேடையில் இடமே கிடையாது. அந்தக் குழந்தையின் அம்மா விழாவுக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறாள். “என்ன, ஆளையே காணோம்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு நாம் வடை எடுக்கப் போய்விடுகிறோம். தமிழ் வாழ்க என்று பேனர் கட்டுகிற நமக்கு, தமிழில் ஒரு வார்த்தைகூட வராமல் தவிக்கிற பிள்ளையைப் பற்றி ஒரு கூட்டம் போடத் தோன்றியதில்லை.

ரூபன், சுகி என்று ஒரு தம்பதி. ரூபன் அகதியாகப் படகில் வந்தவன். வந்து இத்தனை வருடமாகியும் விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறான். செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறான். மகன் அபி. சுகி முதுகுவலிக்கு வந்தபோது அபியும் கூட வந்தான். டேப்லெட்டைக் கொடுத்தேன்.

“அண்ணை, இது சோதினையோ?” என்றான் ரூபன். “முதலே சொல்லியிருந்தா வீட்டில பழக்கிப்போட்டு வந்திருப்பம்.”

“சோதனை இல்லப்பா. மார்க் கிடையாது.”

“மார்க் இல்லாட்டி ஏன் கேக்கினம்?”

முதல் கேள்வியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவன் எல்லாவற்றுக்கும் ஆம் போட்டான். போட்டுவிட்டு டேப்லெட்டைத் திருப்பித் தரும்போது, குரலைத் தாழ்த்தி, உண்மையான கேள்வியைக் கேட்டான்: “அண்ணை, இதில ஏதும் பிழை எண்டு எழுதினா, அது இமிகிரேஷனுக்குப் போகுமோ?”

நீ இங்கே வளர்ந்தவன். உன் பாஸ்போர்ட் அலமாரியில் தூங்குகிறது. உனக்கு இந்தக் கேள்வி புரியாது. நிரந்தர விசாவுக்கு உடல்நலச் சோதனை உண்டு. ஒரு பிள்ளைக்கு இந்த நாடு எதிர்காலத்தில் எவ்வளவு செலவு செய்ய வேண்டிவரும் என்று கணக்குப் பார்த்து, அந்தப் பிள்ளையால் மொத்தக் குடும்பத்துக்கும் கதவைச் சாத்தலாம். விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள் என்கிறார்கள். பயம் தளரவில்லை. ஒரு கையால் “சீக்கிரம் கண்டுபிடியுங்கள், சீக்கிரம் வாருங்கள்” என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு, மறு கையால் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளையின் செலவைக் கூட்டிப் பார்க்கிற அரசாங்கத்தைப் பார்த்து எனக்கு நாகரிகமாகப் பேச வராது. ரூபன் பொய் சொன்னான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன். இந்தத் தரவு இமிகிரேஷனுக்குப் போகாது, டாக்டரோடு இருக்கும் என்று டாக்டரம்மா அவனை உட்காரவைத்துச் சொன்னார். விசா வக்கீல் ஒருவரைப் பார்க்கவும் வழி சொன்னார். அவன் தலையாட்டினான். நம்பவில்லை.

அதற்குப் பிறகுதான் ஹெலனும் நானும் முறையை மாற்றினோம். ஆமா இல்லையா என்று கேட்பதை நிறுத்தினோம். டேப்லெட் அப்படியே இருக்கட்டும், ஆனால் ஊசி போடும்போதோ பிரஷர் பார்க்கும்போதோ நான் சும்மா கதை கேட்பேன். நேத்து ராத்திரி என்ன சாப்பாடு? இன்னும் வேணும்னா எப்படிக் கேட்பான்? அப்பா வேலையிலிருந்து வந்தா என்ன பண்ணுவான்? பரீட்சைக்குத் தயார் செய்தவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக வருவதில்லை. கதை சொல்லத் தொடங்கினால் நம் ஆட்களை நிறுத்த முடியாது. சுகி அடுத்த முறை வந்தபோது அப்படித்தான் கேட்டேன்.

“இவர் வேலையால வந்தா அபி ஓடி வருவானோ எண்டோ? வரமாட்டான். இவர் கதவைத் திறந்து லைட்டைப் போட்டாத்தான் வருவான். நாங்கள் லைட்டைப் போட்டு நூர்த்துத்தான் அவனைக் கூப்பிடுறனாங்கள்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “அது ஒரு விளையாட்டு, அண்ணை.”

சிரித்து முடிக்கும்போது அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அது விளையாட்டு இல்லை என்று, தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அபிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. இரண்டு காதிலும் உள்ளே சளி கெட்டிப்பட்டு நின்றிருந்தது. லைட்டைப் போட்டு அணைத்துக் கூப்பிடும் வீட்டில் அவன் கெட்டிக்காரனாக, கண்ணால் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, கட்டைகளை அழகாக அடுக்கிக்கொண்டு இருந்தான். காதில் குட்டிக் குழாய் வைத்தார்கள். பிறகு பேச்சுப் பயிற்சி. இப்போது கிளினிக்குக்குள் நுழையும்போதே “ஊசி மாமா, ஊசி வேண்டாம்!” என்று கத்துகிறான். ரூபன் என்னிடம் வந்து, “அண்ணை, இவன் இப்ப வாய் மூடுறானில்லை. திருப்பிக் குழாயைக் கழட்டலாமோ?” என்கிறான். விசா இன்னும் வரவில்லை. ஆனால் பிள்ளை பேசுகிறான்.

எல்லாக் கதையும் காதுச் சளியில் முடியும் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் பரீட்சைக்கு விடை சொல்லிக்கொடுத்தவன் ஆவேன். இன்னொரு குழந்தை உண்டு, உன்னைப் போலவே ஐடி வேலை பார்க்கும் ஒருவரின் மகள். அவளுக்கு மருத்துவர்கள் சொன்ன பதில் காதுச் சளி போலச் சரியாகிவிடுவது இல்லை, அது வாழ்நாள் முழுக்கக் கூட வரும். அந்த அப்பா இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. ஆனால் இப்போது அவள் படம் பொறித்த அட்டைகளைக் காட்டித் தனக்கு வேண்டியதைச் சொல்கிறாள். பசித்தால் சுவரில் தலையை முட்டுவதில்லை. பசிக்கிறது என்கிற அட்டையைத் தேடுகிறாள். “சார், அவளுக்குக் கோபம்னு நெனச்சோம். பசிதான் சார்” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் பின்னறையை இன்னும் பத்து ஊரில் திறக்கலாம்.

திறக்கிறோம். இதைச் சொல்லத்தான் உன்னிடம் போன மாதமே போன் செய்தேன், நீ மீட்டிங்கில் இருந்தாய். எங்கள் திட்டத்துக்கு அரசாங்கம் வழக்கம் போல “முன்னோட்டம்” என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. முன்னோட்டம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அர்த்தம். ஒரு வியாழக்கிழமை போதாது, ஹெலன் ஒருவர் போதாது, பரிந்துரை எழுதிய பிறகு பேச்சுப் பயிற்சிக்கு மாதக் கணக்கில் வரிசை. வரிசையில் நிற்கும் குழந்தை வளர்வதை நிறுத்தி வைக்காது. வசதியான கெல்லிவில்காரன் பணம் கட்டித் தனியார் டாக்டரிடம் போய்விடுவான், ரூபன் நிற்பான். இதெல்லாம் இருக்கிறது. ஆனாலும் வெஸ்ட்மீட் பக்கம் ஒரு கிளினிக் எங்களைப் பார்த்துத் தொடங்கிவிட்டது. உங்கள் கெல்லிவில் ஜிபி போனுக்கு அனுப்பிய லிங்க் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? அது எங்கள் பின்னறையிலிருந்து வந்தது, அரவிந்த். நான் வருடக் கணக்கில் கூட்டம் கூட்டமாகப் போய்க் கத்தி, அந்தக் கேள்வி கடைசியில் என் சொந்த மகனின் போனை வந்து அடைந்தது. அவன் அதற்கு ஃபுல் மார்க் வாங்கிவிட்டான்.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நாம் இங்கே வந்தபோது உனக்கு ஏழு வயது, இங்கிலீஷ் வராது. பள்ளியில் உன்னைத் தனி வாசிப்புக் குழுவில் போட்டார்கள். அந்தக் குழுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆரஞ்சு நிறப் பை. நீ அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, வயிறு வீங்கியவன் போல நடந்து வருவாய். கோயிலில் ஒரு அங்கிள் எல்லோர் எதிரிலும், “என்ன தம்பி, ஸ்லோ கிளாஸாமே?” என்று கேட்டார். உன்னை அந்தக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லி நீ அழுதாய், அம்மாவும் சொன்னாள். நான் எடுக்கவில்லை. இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை. அந்த டீச்சர் உன் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து விரல் வைத்துப் படிக்கவைத்ததால்தான் அடுத்த வருடம் நீ புத்தகத்தைக் கீழே வைக்காத பிள்ளையானாய். ஆனால் உனக்கு நினைவிருப்பது டீச்சரின் விரல் இல்லை, ஆரஞ்சுப் பைதான். உன் மகள் கையில் ஒரு ஆரஞ்சுப் பை வந்துவிடக் கூடாது என்று நீ ஓடுகிறாய். அவளை ஒளித்துக்கொண்டு நடக்கிறாய், சட்டைக்குள். அந்தக் குழு எதற்கு என்று அன்றைக்கு உன்னிடம் நான் விளக்கவில்லை. அடக்கி உட்காரவைத்தேன், அவ்வளவுதான். இப்போது நீ பெரியவன், அடக்க முடியாது, அதனால் விளக்குகிறேன்.

தாராவுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. காதாக இருக்கலாம். வேறாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அப்படியென்றால் உன் வீட்டுக்கு வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, துளசி வைக்கும் பனங்கிழங்கு ஒடியல் கூழை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு வருவேன். ஆனால் வந்த வார்த்தை திரும்பிப் போவதை நான் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன். “மெல்பர்ன் போய்ப் பாத்துக்கலாம்” என்றாய். அங்கே வேறு மாநிலம், வேறு நர்ஸ், பச்சை நிறத்தில் வேறு புத்தகம். புது வீடு, புது வேலை, புது ஜிபி என்று நீங்கள் மூச்சு வாங்குவதற்குள் அரை வருடம் ஓடிவிடும். வீடு மாறும்போது கைதவறி விழுகிற பொருள்களில் இதுவும் ஒன்று, நான் பார்த்திருக்கிறேன். நீயே ஃபுல் மார்க் போட்டுவிட்டதால் யாரும் உன்னைத் தேடி வரவும் மாட்டார்கள். இங்கேயே ஹெலன் பார்த்து, தேவைப்பட்டால் டாக்டரம்மா ஒரு பரிந்துரை எழுதிக் கொடுத்தால், அதை எடுத்துக்கொண்டு நீங்கள் அங்கே போன முதல் வாரத்திலேயே வரிசையில் நிற்கலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நேற்றுத் துளசி கிளினிக்குக்குப் போன் செய்தாள். என் நம்பருக்கு இல்லை, வரவேற்பு மேசை நம்பருக்கு, மற்றவர்களைப் போலவே. வியாழக்கிழமை காலை நேரம் வாங்கியிருக்கிறாள். அப்புறம்தான் என்னிடம் சொன்னாள்: “மாமா, அவரும் வரவேணும். நான் தனிய வந்தா, அவருக்குத் தெரியாமல் செய்தது மாதிரி ஆயிடும். நீங்கள் ஒருக்கா சொல்லுங்கோ.” அவள் கேட்டதால்தான் இந்தக் கடிதம். வியாழன் காலை நான் முன்னறையில் ஊசி போட்டுக்கொண்டிருப்பேன். பின்னறைக்குள் வரமாட்டேன், ஹெலனிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், சத்தியம். உள்ளே நீங்கள் மூன்று பேரும்தான். ஹெலன் கேட்கும்போது நீ சரியான பதில் சொல்ல வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும். தாரா சக்கரத்தைச் சுற்றினால் சுற்றட்டும். பெயர் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் திரும்பாமல் இருக்கட்டும். கட்டையைத் தூக்கி எறிந்தால் எறியட்டும், நீ குனிந்து எடுத்து அடுக்காதே. அந்த அறையில் அவள் தோற்கவே முடியாது. நம்மால்தான் அவளை ஜெயிக்கவைத்துத் தோற்கடிக்க முடியும்.

வீட்டில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டைகளை மெல்பர்ன் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிடு. அங்கே போய் அவளோடு ஆசை தீர விளையாடு. வியாழக்கிழமைக்கு மட்டும், கண்ணு, எதையும் சொல்லிக்கொடுக்காமல் அவளைக் கூட்டி வா.

அப்பா